கல்வெட்டு இல்லாத இடத்தில் கதை

அயர்லாந்தில் ஷானனிலிருந்து எனிஸுக்குப் போகும் பெரிய சாலையோரத்தில் லட்டூன் என்று ஓர் இடம். அங்கே வேலிக்குள் ஒற்றையாக ஒரு ஹாதார்ன் முள்மரம் நிற்கிறது. காரில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத அளவுக்குச் சாதாரண மரம். 1999-ல் இந்தச் சாலைக்குத் திட்டம் போட்டபோது மரம் குறுக்கே இருந்தது. எடி லெனிஹன் என்கிற கதைசொல்லி, இதை வெட்டினால் அந்தச் சாலையில் உயிர்கள் போகும் என்று பத்திரிகைகளில் எச்சரித்தார். தெற்கு மாகாணமான மன்ஸ்டரின் ஃபேரிகள், அதாவது மாய ஜனங்கள், மேற்கு மாகாணமான கானாக்டின் ஃபேரிகளோடு சண்டைக்குக் கிளம்பும்போது கூடுகிற இடம் அது என்பது கதை. செய்தி அமெரிக்கப் பத்திரிகைகள் வரை போனது. கடைசியில் மரத்தை விட்டுவிட்டுத்தான் சாலை போட்டார்கள். 2002-ல் யாரோ இயந்திர ரம்பத்தோடு வந்து கிளைகளையெல்லாம் அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள், மரம் அப்புறமும் துளிர்த்தது.

வெளியூர்ப் பத்திரிகைக்கு இது ஒரு வேடிக்கைச் செய்தி. 'இருபத்தோராம் நூற்றாண்டின் வாசலில் ஃபேரிகளுக்காக வளைந்து கொடுத்த அரசாங்கம்' என்று எழுதிச் சிரித்துவிட்டுப் போகலாம். இங்கே வந்து சேரும்வரை நானும் அப்படித்தான் படித்திருந்தேன்.

நான் லட்டூன் இருக்கிற இதே கவுண்டி கிளேரில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். இரவு வேலையில், தூக்கம் வராத பெரியவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச ஆரம்பிப்பார்கள். மழை, முழங்கால் வலி, மட்டையும் பந்தும் வைத்து ஆடுகிற ஹர்லிங் ஆட்டம், செத்துப்போனவர்கள், அப்புறம் தானாக இந்தக் கதைகள். ஒன்று கவனித்தேன். லெப்ரகான் என்கிற குள்ள பூதத்தைப் பற்றி ஒருவர்கூட வாயைத் திறந்ததில்லை. பச்சைத் தொப்பி, சிவப்புத் தாடி, தங்கக் குடம் எல்லாம் விமான நிலையக் கடைச் சரக்கு. இவர்கள் சொல்லும் ஃபேரிகள் சிறகு முளைத்த சிறுமிகளும் அல்ல. ஆள் உயரம் இருப்பார்கள், மாடு வளர்ப்பார்கள், சந்தைக்குப் போவார்கள், ஹர்லிங் ஆடுவார்கள், ஆட்டத்துக்கு ஆள் குறைந்தால் மனுஷனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஊரில் அவர்களை 'நல்லவர்கள்' என்றுதான் சொல்வார்கள், காதில் விழுந்து வைத்தால் என்ன செய்வது என்ற பயம்தான்.

'ஒரு ஊரில் ஒரு கிழவி' என்று யாரும் தொடங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் விலாசம் உண்டு. இன்னாருடைய மேட்டு வயல், அதன் கிழக்கு மூலை, அங்கே இன்னாருடைய தாத்தா சந்தையிலிருந்து திரும்பும்போது என்றுதான் வரும். அயர்லாந்து முழுவதும் 60,000-க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் என்ற சின்னச் சின்ன நிலப் பிரிவுகளாகப் பிரிந்து கிடக்கிற நாடு. ஒரு டவுன்லேண்ட் சில நூறு ஏக்கர்தான் இருக்கும், சிலது அதைவிடச் சின்னது. அதற்குள் வயலுக்கு வயல் பெயர், கிணற்றுக்கு ஒரு புனிதர், வளைவுக்கு ஒரு பேய். கதையை அந்த வயலிலிருந்து பெயர்த்து எடுத்துவிட்டால் சொல்கிறவருக்கே சுவாரஸ்யம் போய்விடுகிறது. 'அது எங்கள் பக்கத்துக் கதை இல்லை, அந்தப் பங்குக்காரர்களைக் கேள்' என்று நிறுத்திவிடுவார்கள்.

நான் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாட்டுப் பண்ணை. அதில் ஒரு வட்டமான மண்மேடு இருக்கிறது. மேலே முள்மரங்கள் அடர்ந்து, உள்ளே நடுவில் புல். ஃபேரி கோட்டை என்பார்கள். தொல்லியல்காரர்கள் கணக்கில் இது சுமார் 1,000 முதல் 1,500 வருடங்களுக்கு முன் ஒரு விவசாயக் குடும்பம் மண்சுவர் எழுப்பி வீடு கட்டிக்கொண்டு இருந்த இடம், அவ்வளவுதான். இப்படி நாடு முழுவதும் 40,000-க்கும் மேல் இருக்கின்றன. ஐரோப்பாவில் வேறெங்கும் இவ்வளவு பழைய பண்ணை வீட்டு மேடுகள் இப்படி வயலுக்கு நடுவே தப்பிக் கிடப்பது அபூர்வம். சட்டம் காப்பாற்றியது கொஞ்சம், பயம் காப்பாற்றியது நிறைய. அறுவடைக் காலத்தில் டிராக்டர் மேட்டைச் சுற்றி அகலமாக வளைந்து போகும், ஓரத்தில் நல்ல புல் ஒரு பட்டையாக வெட்டாமலே நிற்கும். அந்தப் பண்ணைக்காரரிடம், இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். "சேச்சே, நம்பிக்கையெல்லாம் ஒன்றும் கிடையாது" என்றார். கொஞ்சம் நடந்துவிட்டு, "ஆனால் அதை வெட்டவேண்டுமென்றால் வெளியாள் ஒருவனைக் கூலிக்குப் பிடித்துத்தான் வெட்டவேண்டும். அவன் கெர்ரிக்காரனாக இருந்தால் இன்னும் நல்லது" என்றார்.

பக்கத்துக் கவுண்டியான கெர்ரியின் ஆட்களும் ஒன்றும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 2017-ல் கெர்ரியின் நாடாளுமன்ற உறுப்பினர் டேனி ஹீலி-ரே, அங்கே ஒரு நெடுஞ்சாலை திரும்பத் திரும்பப் பள்ளம் விழுவதற்கு ஃபேரி கோட்டைகள்தான் காரணம் என்று பகிரங்கமாகச் சொல்லி, அதிலிருந்து பின்வாங்கவும் மறுத்தார்.

சரி, இது சுவாரஸ்யமான கிறுக்குத்தனம் என்று விட்டுவிடலாம். அந்தக் கோட்டைகளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்வரை.

அந்தக் காலக் கத்தோலிக்க வழக்கப்படி ஞானஸ்நானம் பெறாமல் செத்த குழந்தையைக் கோயில் கல்லறையில் புதைக்கக் கூடாது. அப்படிப்பட்ட குழந்தை சொர்க்கத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, லிம்போ என்று நடுவில் ஓர் இடத்தில் இருக்கும் என்பது அன்றைய போதனை. ஆகவே பிறந்தவுடனே போன குழந்தைகளை ஊரார் யாருக்கும் சொந்தமில்லாத இடங்களில் புதைத்தார்கள். இரண்டு பண்ணைகளின் எல்லை, பாழடைந்த தேவாலயம், கடலோரம், முக்கியமாக இந்த மண்கோட்டைகள். கில்லீன் என்று இந்த இடங்களுக்குப் பெயர். பெரும்பாலும் அப்பாதான் கொண்டுபோவார், இரவில், சத்தமில்லாமல். பாதிரியார் வரமாட்டார், மந்திரம் கிடையாது, பெயர் கிடையாது. மேலே ஒரு சின்னக் கல்லை வைப்பார்கள், சில இடங்களில் வெள்ளைப் படிகக்கல். இது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் நடந்தது, ஆகவே அதை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி. தொண்ணூறைத் தாண்டியவர், கைநடுக்கத்தால் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் டீ குடிப்பார், சூடு போதாது என்று என்னைத் திட்டாத இரவு கிடையாது. தங்கள் வயலில் இருந்த கோட்டையைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் விளையாடப் போகக் கூடாது, போனால் 'அவர்கள்' கையைப் பிடித்துக்கொள்வார்கள், அம்மா அடித்தே சொல்லியிருக்கிறார். ஆனால் அப்பா மட்டும் அவ்வப்போது சாயங்காலத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றுவிட்டு வருவாராம். ஏன் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. அம்மா செத்த பிறகு அத்தை சொல்லித்தான் தெரிந்ததாம். "எனக்கு மேலே ஓர் அண்ணன் இருந்தான், கண்ணு. ஒரு ராத்திரி இருந்தான். பெயர் வைக்கவில்லை." அப்புறம் பிஸ்கட் இருக்கிறதா என்று கேட்டார்.

அன்றிலிருந்து 'கோட்டையைத் தோண்டாதே, தோண்டினால் உன் வீட்டில் பிள்ளை சாகும்' என்ற எச்சரிக்கை எனக்கு மூடநம்பிக்கை போலக் கேட்பதில்லை. உள்ளே கிடப்பது யாருடைய பிள்ளை என்று ஊருக்குத் தெரியும், சொல்லத்தான் முடியாது. அந்த மேட்டைக் காப்பாற்ற ஃபேரி என்ற காவல்காரரை நிறுத்தியாயிற்று. எல்லாக் கோட்டையிலும் குழந்தைகள் இல்லை, எல்லாக் கதையும் இதற்காகப் பிறந்ததும் இல்லை, இந்தக் கதைகளில் பல அதைவிடப் பழையவை. ஆனாலும் ஒரு கதை ஏன் இத்தனை தலைமுறை தாண்டிச் செத்துப் போகாமல் இருந்தது என்று கேட்டால் என் பதில் இதுதான்.

இன்னொன்று பாருங்கள். தெரிந்த வயலில், வாயில் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய இடத்தில், இரவில் ஓர் ஆள் வழி தெரியாமல் விடியும்வரை சுற்றிச் சுற்றி வருவார். ஒரு குறிப்பிட்ட புல்திட்டை மிதித்துவிட்டதால் வந்த வினை அது, போட்டிருக்கும் கோட்டுச் சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டால் வழி தெரியும் என்பார்கள். சில ஊர்களில் அந்தப் புல்லுக்கு அடியில் ஞானஸ்நானம் பெறாத குழந்தை கிடக்கிறது என்று சேர்த்துச் சொல்வார்கள்.

பசிப்புல் என்று ஒன்றும் உண்டு. மலைப்பாதையில் சாதாரணமாக நடந்துகொண்டிருப்பவர் ஓரிடத்தில் கால் வைத்ததும் தாங்க முடியாத பசி வந்து, கால் துவண்டு விழுந்துவிடுவார். உடனே ஏதாவது வாயில் போடாவிட்டால் அங்கேயே சாவுதான். 1845 தொடங்கி 1852 வரை உருளைக்கிழங்கு அழுகிப் பத்து லட்சம் பேர் செத்து, இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறிப் போன பஞ்சத்தில், யாரோ ஒருவர் விழுந்து, புதைக்க ஆளின்றிக் கிடந்த இடத்தில் முளைத்த புல் அது. கிளேரின் மேற்கே கில்ரஷ் பக்கம் வாடகை பாக்கிக்காகக் கூரையைப் பிடுங்கிக் குடும்பம் குடும்பமாகத் தெருவில் விட்டார்கள், அவர்கள் எந்த வேலியோரத்தில் விழுந்தார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எங்கள் இல்லத்தில் ஒரு தாத்தாவின் பைஜாமாப் பையில் எப்போதும் ஒரு ரொட்டித் துண்டோ பிஸ்கட்டோ இருக்கும். வெறும் பையோடு மலையைத் தாண்டாதே என்று அவருடைய அப்பா சொல்லி வளர்த்திருக்கிறார். அவர் மலையைக் கடைசியாகத் தாண்டி எத்தனையோ காலமாகிறது. துணி துவைக்கப் போடும்போது நாங்கள் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போடுவோம்.

வெண்ணெய்க் கதைகளின் குணமே வேறு. அங்கே சாவு இல்லை, பொறாமை. மே மாதம் முதல் தேதி விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்காரி உன் வயலில் துணியை இழுத்துப் பனியைத் துடைத்துக்கொண்டு போனால், அந்த வருஷம் முழுக்க உன் வெண்ணெய் அவளுடைய மத்தில் திரளும். அன்றைக்கு யார் வந்து கேட்டாலும் பாலோ நெருப்போ வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. வீட்டில் வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கும்போது உள்ளே வருகிறவர், பாதிரியாராகவே இருந்தாலும், ஒரு கை பிடித்துக் கடைந்துவிட்டுத்தான் உட்காரவேண்டும். இல்லாவிட்டால் அவர் மேல் சந்தேகம். பாலாடை ரொம்பக் குளிர்ந்தாலும் சூடானாலும் வெண்ணெய் திரளாது என்பது கடைந்து பார்த்த எவருக்கும் தெரியும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வெண்ணெயை விற்றுத்தான் நிலவாடகை கட்ட வேண்டும். கார்க் நகரத்து வெண்ணெய்ச் சந்தைக்கு மன்ஸ்டர் முழுவதிலிருந்தும் வண்டி வண்டியாகப் போன சரக்கு அது. வெண்ணெய் திரளாவிட்டால் வாடகை இல்லை, வாடகை இல்லாவிட்டால் வீடு இல்லை. அவ்வளவு பயம் இருக்கிற இடத்தில் யாரையாவது கைகாட்டத்தானே தோன்றும். கதையில் ஒரு முயல் விடியற்காலையில் பசுவின் மடியில் வாய் வைத்துப் பால் குடிக்கும். விவசாயி சுடுவார், பின்னங்காலில் படும், இரத்தத் தடம் ஒரு குடிசையில் போய் முடியும், உள்ளே ஒரு கிழவி காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் குடிசையில் எப்போதும் தனியாக இருக்கும் பெண்தான். பிள்ளைகளும் அண்ணன் தம்பிகளும் நிறைந்த வீட்டுக்குள் அந்த இரத்தத் தடம் போனதாக நான் இதுவரை கேட்டதில்லை.

கிளேர்க்காரர்களுக்கு இந்த வகையில் சொந்தப் பெருமை பிடி அர்லி என்கிற நாட்டு வைத்தியக்காரி. 1798 வாக்கில் பிறந்து, ஃபீக்கிள் பக்கம் வாழ்ந்து, 1874-ல் செத்தவர். மூலிகை தெரியும், ஒரு நீலக் குப்பிக்குள் பார்த்து வருவதைச் சொல்வார், கூலியாக விஸ்கி வாங்குவார், புருஷன்மார்களை ஒவ்வொருவராக வழியனுப்பிவிட்டு மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். பாதிரிமார்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது, ஆனால் மருத்துவர் இல்லாத ஊரில் ஜனங்கள் அவர் வாசலுக்குத்தான் போனார்கள். 1865-ல், 1586-ஆம் வருடத்துச் சூனியச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து எனிஸில் அவர் மேல் வழக்குப் போட்டார்கள். சாட்சி சொல்ல ஆள் வராமல் வழக்கு கலைந்தது. குப்பி அவர் செத்த பிறகு கில்பாரன் ஏரியில் போனதாகச் சொல்வார்கள். கிளேர் ஹர்லிங் அணி 1914-க்குப் பிறகு 1995 வரை அகில அயர்லாந்துக் கோப்பையைத் தொடவே இல்லை, அதற்கும் பிடி அர்லியின் சாபம்தான் காரணம் என்று ஊரே பேசியது. ஹர்லிங் போட்டிகளை நடத்தும் ஜி.ஏ.ஏ. சங்கம் தொடங்கியதே 1884-ல், அந்த அம்மா போய்ப் பத்து வருடம் கழித்து. இதை எடுத்துச் சொன்னால் "அவ்வளவு தூரம் முன்கூட்டியே பார்க்கத் தெரிந்தவர்" என்கிறார்கள். என்ன செய்ய.

இப்படியே உருகிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் எழுதிவிட்டுப் போகலாம்தான். ஆனால் டிப்பரரி கவுண்டியில் பிரிஜெட் கிளியரி என்ற பெண்ணுக்கு நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதைகளைப் புகழ்வது நியாயமில்லை. 1895 மார்ச். பாலிவாட்லி என்ற ஊர். பிரிஜெட்டுக்கு வயது 26, தையல் வேலை தெரியும், சொந்தமாகத் தையல் இயந்திரம் வைத்திருந்தார், கோழி வளர்த்து முட்டை விற்றார், கையில் தன் காசு இருந்தது, பிள்ளை இல்லை. குளிரில் முட்டை கொடுக்கப் போய்வந்து படுத்தவர் காய்ச்சலில் கிடந்தார். மருத்துவர் வரத் தாமதம். அதற்குள் கதை சொல்வதில் பேர் போன ஓர் உறவுக்காரர், ஜாக் டன், படுக்கையில் இருப்பது பிரிஜெட்டே இல்லை, ஃபேரிகள் அவளைக் கொண்டுபோய்விட்டு வேறொன்றை வைத்துவிட்டார்கள் என்றார். புருஷன் மைக்கேல் நம்பினார், அல்லது நம்ப வசதியாக இருந்தது. அப்பாவும் அத்தை மகன்களும் பிடித்துக்கொள்ள, மூலிகைக் கஷாயத்தை வாயில் ஊற்றி, கணப்புக்கு மேல் பிடித்து, 'நீ யார், உன் பெயரைச் சொல்' என்று கேட்டார்கள். அடுத்த நாள் இரவு அடுப்பங்கரையில் வைத்து மைக்கேல் அவர் மேல் விளக்குக்கு ஊற்றும் பாரஃபின் எண்ணெயை ஊற்றிக் கொளுத்தினார். அதன் பிறகு பக்கத்துக் கோட்டையிலிருந்து உண்மையான பிரிஜெட் வெள்ளைக் குதிரையில் வருவாள், அவளைக் கட்டிய கயிறுகளை அறுத்து மீட்கலாம் என்று கத்தியோடு இரவில் போய்க் காத்திருந்தார். போலீஸ் சதுப்பில் ஆழமில்லாத குழியிலிருந்து உடலை எடுத்தது. மைக்கேலுக்கு 20 வருடத் தண்டனை, 15 வருடத்தில் வெளியே வந்து கனடா போனார். அன்று ஆங்கில ஆட்சியில் இருந்த அயர்லாந்து கேட்ட தன்னாட்சி இந்தக் காட்டுமிராண்டிகளுக்கா என்று எழுத ஆங்கிலப் பத்திரிகைகள் சிலவற்றுக்கு இது நல்ல சாக்காக அமைந்தது.

ஊமைத் துக்கத்துக்குக் காவல் நின்ற அதே கதைதான் அந்த வீட்டில் நெருப்பு வைக்கவும் உதவியது. அந்தக் கோட்டைக்கும் கில்லீனுக்கும் பயந்து ஒதுங்கியவர்கள், காசு சம்பாதிக்கத் தெரிந்த ஒரு பெண்ணைக் கண்டு பயந்தபோது, சொல்வதற்குக் கையில் இருந்தது இதே வார்த்தைகள்தான்.

இவ்வளவும் நமக்கு இன்று படிக்கக் கிடைப்பதற்கு அரசாங்கம் செய்த ஓர் அருமையான காரியம் காரணம். 1935-ல் அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையத்தைத் தொடங்கினார்கள், இயக்குநர் ஷேமஸ் ஓ டிலார்கா. அவருடைய ஆட்கள் எடிஃபோன் என்ற கனமான பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மெழுகு உருளைகளில் பெரியவர்களின் குரலைப் பதிந்தார்கள். பணம் போதாது. ஆகவே எழுதி முடித்ததும் மெழுகைச் சீவிவிட்டு அதே உருளையில் அடுத்தவரைப் பதிவார்கள். வார்த்தை மிஞ்சியது, குரல் போனது. பெரும்பாலானவர்களின் குரல் அப்படித்தான் சுருள் சுருளாகக் கீழே விழுந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது பள்ளிக்கூடத் தொகுப்பு. 1937-38-ல் 26 கவுண்டிகளிலும் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில், கட்டுரை வகுப்புக்குப் பதிலாக, பதினொன்று முதல் பதினாலு வயதுப் பிள்ளைகளை வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். ஷான் ஓ சூலவான் தயாரித்த சின்னக் கையேட்டில் 55 தலைப்புகள். புதையல், பஞ்சகாலம், வானிலைக் குறி, கைவைத்தியம், ஃபேரி கோட்டை, உள்ளூர் வீரர்கள், இப்படி. வந்து சேர்ந்தவை லட்சக்கணக்கான பக்கங்கள். அன்றைக்கு எழுபத்தைந்து வயதான ஒரு தாத்தா 1863-ல் பிறந்தவர், அவருடைய அம்மா அப்பா பஞ்சத்தில் தப்பியவர்கள். இடையில் ஒரே ஓர் ஆள்தான்.

இப்போது அந்தத் தொகுப்பு டூகஸ் என்ற இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு பக்கத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்து உதவலாம். நானும் வேலையில்லாத இரவுகளில் எங்கள் பக்கத்துப் பள்ளிகளின் பக்கங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறேன். மையில் எழுதிய சாய்ந்த எழுத்து, நடுவே ஆசிரியர் திருத்திய எழுத்துப்பிழை, கடைசி வரியில் கதை சொன்னவர் பெயர், வயது, டவுன்லேண்ட். பொழுதுபோகாதவர்களுக்குச் சொல்கிறேன்: லெப்ரகான் தலைப்பை விட்டுவிடுங்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதுபோல ஒரே மாதிரி இருக்கும். கைவைத்தியத்திலிருந்து தொடங்குங்கள். கக்குவான் இருமலுக்கு மருந்து வேண்டுமென்றால் வெள்ளைக் குதிரையில் போகிறவரை வழிமறித்து 'இதற்கு என்ன கொடுக்கலாம்' என்று கேட்கவேண்டும், அவர் வாயில் என்ன வருகிறதோ அதுவே மருந்து.

இந்த வாரம் ஒரு பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். கோட்டைக்குள்ளிருந்து கல் எடுத்துத் தொழுவம் கட்டியவரின் மாடுகள் வரிசையாகச் செத்த கதை. வயலின் பெயர் மட்டும் மை பரவி வாசிக்க முடியவில்லை. அச்செடுத்துக்கொண்டு போய்ப் பின்வீட்டுப் பண்ணைக்காரரிடம் காட்டவேண்டும். வயல் பெயரைக் கண்டுபிடிப்பாரோ இல்லையோ, அந்தத் தொழுவக் குடும்பத்துக்கும் இவர்கள் குடும்பத்துக்கும் வேலித் தகராறு எப்போது தொடங்கியது என்பதைக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் சொல்லி முடித்துவிடுவார்.